முற்றுதல்

நோய் முற்றிவிட்டது என்றால்
எங்கள் பேச்சில் அது கைவிரிப்பு.
கத்தரிக்காய் முற்றிவிட்டது என்றால்
விதைக்கு விடலாம்.
ஒரே வினைச்சொல்.
பதினோரு வருடமாக ஹோம்புர்க் குன்றின் மேல்
அதன் இரண்டாவது அர்த்தத்துக்காகச்
சம்பளம் வாங்குகிறேன்.

காலை ஏழுக்குக் காட்டு மூடுபனி
ஆய்வுக்கூடச் சன்னலைத் தொட்டுப் பார்க்கும்.
முப்பத்தேழு பாகைப் பெட்டியைத் திறப்பேன்.
உள்ளே தட்டுத் தட்டாக
ரோஜாநிறத் திரவத்துக்கடியில்
சிறுநீரகமாகியிருக்க வேண்டியவை.

கருவில் இவற்றுக்கு ஒரு கெடு இருந்தது.
முப்பத்தாறாவது வாரத்துக்குள்
வடிகட்டும் குழலாகிவிட வேண்டும்,
அல்லது இல்லாமல் போக வேண்டும்.
மற்றவை பணிந்தன.
இவை, குழந்தை பிறந்த பிறகும்,
அது தவழ்ந்தபோதும், சுவரைப் பிடித்து நடந்தபோதும்,
இடது விலாவுக்குக் கீழே
கருவின் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தன:
பெருகு, பெருகு, பெருகு.

பிஞ்சிலே பழுத்தது என்று திட்டுவதுண்டு.
பழுக்கவே தெரியாத பிஞ்சுக்கு
வசவு ஏதும் எனக்குத் தெரிந்த தமிழில் இல்லை.
ஜெர்மனில் உண்டா என்று கேட்டேன்.
ரோஸ்விதா நெடுநேரம் யோசித்துவிட்டு,
"வசவு இல்லை, பேத்தாலஜி அறிக்கை இருக்கிறது" என்றாள்.

விட்டமின் ஏ-க்கு நெருங்கிய சொந்தம் இந்த அமிலம்.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.
விளக்கை அணைத்து,
ஈயத்தாள் சுற்றிய குழாயிலிருந்து
துளித் துளியாக விடுகிறோம்.
இருட்டில் ரோஸ்விதாவின் மூச்சில் பெப்பர்மின்ட்.
கொல்வதற்கல்ல. கொல்லும் மருந்துகள் மேல்தளத்தில்.
இது கெஞ்சுவது மாதிரி:
போதும், ஏதாவது ஆகிவிடுங்கள்.

பதினான்காம் தட்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை.
ஒன்பதாம் தட்டு செத்துப்போனது, என் தவறு,
ஒரு திங்கட்கிழமை திரவம் மாற்ற மறந்தேன்.
இருபத்திரண்டாம் தட்டு கேட்டது, தப்பாகக் கேட்டது:
தசை ஆனது.
வரிவரியாய், சுண்டி இழுக்கும் தசை.
சிறுநீரகத்தில் பிறந்து
தூக்குவதற்கு ஓர் எலும்பும் இல்லாத தசை.
யானிக் அதைப் படமெடுத்துத்
தன் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டான்.

பதினேழாம் தட்டில், பன்னிரண்டாம் நாள்,
ஒரு கொத்து வளைந்தது.
முதலில் காற்புள்ளி.
பிறகு, கடிதத்தின் தலையில் அப்பா போடுகிற
பிள்ளையார் சுழி.
நடுவே ஒரு துளை.
சாயம் விட்டோம். உறிஞ்சித்
துளைக்குள் சேர்த்தது.
பெருகுவதை விட்டுவிட்டு
ஒரு எண்ணூறு செல்கள்
வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

நான்கு தரம் திருப்பிச் செய்தோம்.
இரண்டு தரம் வந்தது.
இரண்டு தரம் வரவில்லை.

சாம்பிளோடு வந்த தாளில் இவ்வளவுதான்:
பெண். மூன்று வயது நான்கு மாதம். இடது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இலக்கம்.
திரவ நைட்ரஜனில் இறக்கிய நாளிலிருந்து
அவளுடைய செல்களுக்கு
அதே மூன்று வயது நான்கு மாதம்.
கூட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தேன்.
மூன்று வருடம் ஆகிறது.
ஆறு வயது நான்கு மாதம், இருந்தால்.
அந்த 'இருந்தால்'-ஐ எழுதத்
தாளில் கட்டம் கிடையாது.

இன்று பேருந்தில் கூட்டம்.
பள்ளிக்கூடம் திறக்கும் நாள். இந்த ஊர் வழக்கப்படி
முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொன்றும்
மிட்டாயும் பென்சிலும் திணித்த,
தன் உயரத்தில் பாதியிருக்கும் காகிதக் கூம்பைக்
கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.
என் எதிரே ஒருத்தி
கூம்பின் வாய்க்கட்டை நகத்தால் நோண்டினாள்.
இப்போது இல்லை, என்றார் அப்பா.
பின்னே எப்போது, என்றாள்.

குன்றின் நிறுத்தத்தில் இறங்கினேன்.
திங்கட்கிழமை.
திரவம் மாற்ற வேண்டும்.